திருமழிசை சம்மதம் சொல்லவில்லை

லாரி கிளம்பிவிட்டதா என்று திருமழிசை குடோனோடு போனில் பேசி முடித்துவிட்டு மேனேஜர் கஜபதி நிமிர்ந்தார். கம்ப்யூட்டர் திரையில் மறுபடியும் 'பிழை 47'.

“நாப்பத்தேழுன்னா இன்னா கிறிஸ்துராஜ்?”

“சரக்கு இங்கேருந்து திருமழிசைக்குப் போகுது இல்ல சார்? இங்க கழிக்கணும், அங்க கூட்டணும். ரெண்டு கம்ப்யூட்டரும் சம்மதம்னு சொன்னாத்தான் நடக்கும். சர்ச்சுல கல்யாணம் மாதிரி. ஒண்ணு பேசலன்னாலும் ரெண்டும் பழையபடியே போயிடும்.”

“அத அப்டியே எழுதி வையேன். வெள்ளிக்கிழமை முதலாளி வர்றாரு. அவருக்குப் புரியலன்னா இந்தக் கம்ப்யூட்டர் பொட்டிய மூட்டை கட்டிடுவாரு. உன்னையும் சேத்துத்தான்.”

அம்பத்தூர் எஸ்டேட்டின் அந்த பேரிங் கம்பெனிக்காக கிறிஸ்துராஜ் மூன்று வருஷம் மண்டையை உடைத்துக்கொண்டு எழுதிய சாஃப்ட்வேர் அது. அன்றே 47-ஐத் தூக்கினான். ஆங்கில எழுத்தில் தமிழைக் கோத்து, 'திருமழிசை சம்மதம் சொல்லவில்லை. போன் செய்து விசாரிக்கவும்' என்று வர வைத்தான்.

மறுநாள் அந்த வாசகத்தைப் பார்த்ததும் கஜபதிக்கு ஏக குஷி. டெலிபோன் ஆபரேட்டரைக் கூப்பிட்டார்.

“ஞானகுமாரி, திருமழிசைக்கு லைன் குடும்மா. அவசரம்.”

குடோன் கிளார்க் புஷ்பா பேசினாள். “இங்க எல்லாம் நல்லாத்தான் கீது சார்.”

அவள் வாய் மூடவில்லை, திரையில் மறுபடி அதே வாசகம்.

வாரத்துக்கு ஒருமுறை வந்த கோளாறு மணிக்கொரு தரம் வர ஆரம்பித்தது. கிறிஸ்துராஜ், சம்மதம் வரும்வரை விடாமல் கேட்கும்படி மாற்றினான். கேட்ட நேரத்தையும் கிடைத்த பதிலையும் பிரிண்டரில் அச்சடிக்க வைத்தான். ஒவ்வொரு தோல்விக்கும் ஒரு மணியும் வைத்தான். பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதைதான். மணி அடித்தால் கஜபதி போன் கேட்டார். போனில் பேசினால் மணி அடித்தது.

அச்சடித்த தாளைப் படித்த கிறிஸ்துராஜுக்கு மயிர்க்கூச்செறிந்தது. மேனேஜர் பேசிய நேரமெல்லாம், நிமிஷம் பிசகாமல், 'சம்மதம் இல்லை'.

“நாம விசாரிக்கிறது அதுக்குத் தெரியுது சார்” என்றான் குரலைத் தாழ்த்தி.

இத்தனை கலவரத்திலும் இரண்டு ஊர்க் கணக்கிலும் ஒரு பேரிங்கூடக் குறையவில்லை. இதை எழுதியது நான்தானா என்று அவனுக்கே பயபக்தி வந்துவிட்டது. அதுவரை தூசிக்காக கம்ப்யூட்டரின் ஏ.சி. அறை வாசலில் செருப்பைக் கழற்றிய கஜபதி, இப்போது கும்பிட்டுக்கொண்டே கழற்றினார்.

வெள்ளிக்கிழமை முதலாளி லட்சுமணன் வந்தார். கஜபதி அவர் முன்னாலேயே திருமழிசைக்கு லைன் கேட்டார். மணி அடித்தது. முதலாளி போனை வாங்கித் தாமே பேசிப் பார்த்தார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. போனை வைத்தார். மணி ஓய்ந்து, 'சம்மதம்' என்று திரை காட்டியது.

முதலாளி நாற்காலியை விட்டு எழுந்து நின்றுவிட்டார்.

“யாரு பேசுறா, எப்ப பேசுறான்னு எல்லாம் தெரிஞ்சி வெச்சிருக்குதேப்பா இது. எல்லா பிராஞ்சுக்கும் இதையே போட்டுடு.”

கிறிஸ்துராஜ் கண்ணைத் துடைத்துக்கொண்டான். பிழைப்பு தப்பியது.

கதவருகே ஞானகுமாரி வந்து நின்றாள்.

“அதுக்கு முன்னாடி எனக்கு இன்னொரு லைன் வாங்கிக் குடுத்துடுங்க சார். திருமழிசைக்குக் கீறது ஒண்ணே ஒண்ணு. நீங்க அவசரம்னு கேக்கும்போதெல்லாம், கம்ப்யூட்டர் கிட்டேருந்து புடுங்கித்தான் உங்களுக்குக் குடுக்கறேன்.”