செந்தமிழின் வரன் விளம்பரம் கிறுக்கெழுத்தாகிப் போன விவரம்

மரக்காணம்,
வைகாசி 20.

பெருமதிப்புக்குரிய மச்சான் காசிலிங்கம் அவர்களுக்கு, தங்கை வீட்டுக்காரன் பக்தவச்சலம் கைகூப்பி எழுதியது. இந்த மாதம் மழை எட்டிப் பார்க்காததால் பாத்தியில் உப்பும் வீட்டில் நாங்களும் சௌக்கியம். கோயம்புத்தூரில் உங்கள் முழங்கால் வலி இறங்கியிருக்கும் என்று நம்புகிறேன். போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நீங்கள் நடுநடுவே கத்துவீர்கள். கடிதத்தை முழுக்கப் படித்த பிறகுதான் கத்த முடியும் என்பதால் எழுதுகிறேன்.

தாய்மாமன் உங்களிடம் ஒரு வார்த்தை கேட்காமல், நம் செந்தமிழுக்கு வரன் தேடி இன்டர்நெட்டில் விளம்பரம் கொடுத்துவிட்டேன். தப்புதான். பெண்ணுக்கு இருபத்தொன்பது முடியப்போகிறது, வந்த நாலு இடத்தையும் அவளே தட்டிவிட்டாள், நான் வேறு என்ன செய்வேன்? செந்தமிழ் என்று பெயர் வைத்துவிட்டு இங்கிலீஷில் விளம்பரமா என்று, நான் சொல்லச் சொல்ல அவளே லேப்டாப்பில் தமிழில் டைப் அடித்தாள். திரையில் எழுத்து முத்து முத்தாக இருந்ததை என் கண்ணால் பார்த்தேன். அதை அப்படியே எடுத்துக் கல்யாண வெப்சைட்டில் ஒட்டினாள். மறுநாள் உப்பளத்தில் நின்றுகொண்டு என் போனில் திறந்தால், பெண்ணின் போட்டோ சரியாக இருக்கிறது, கீழே பெயர் nre;jkpo; என்று இருக்கிறது! தகப்பனார் பெயர் gf;jtr;ryk;. நல்ல குடும்பம் என்று சொன்ன இடத்தில் ey;y FLk;gk;. ஈரப் பாத்தியில் நண்டு ஓடிய தடம் மாதிரி பக்கம் முழுக்க இதேதான்.

"என்னாம்மா இது?" என்று கேட்டால், "சர்வர் பிரச்சனைப்பா, தானா சரியாயிடும்" என்கிறாள். எண்கள் மட்டும் எப்படியோ தப்பித்துவிட்டதால் என் போன் நம்பர் பளிச்சென்று தெரிந்தது, அதுதான் வினை. பெரிய முதலியார்சாவடியிலிருந்து ஒருவர், "ஆரோவில்ல இருக்கிற வெள்ளைக்காரங்களா நீங்க? எங்க பையனுக்கு ஃபாரின் பொண்ணுன்னா ரொம்ப இஷ்டங்க" என்றார். நான் பதில் சொன்னதும், "தமிழ் என்னா சூப்பரா பேசுறீங்க!" என்று வியந்தார். உப்பளக்காரன் என்றதும் வைத்துவிட்டார். பெருமுக்கல்லிலிருந்து ஒரு அம்மாள், "பேரே வாயில நுழையலயே, வீட்ல எப்படிங்க கூப்பிடுறீங்க?" என்று நிஜமாகவே கவலைப்பட்டார். வெப்சைட் ஆபீசுக்குப் போன் போட்டால் அங்கிருந்த பெண், "சார், உங்க பேர்ல எதுக்கு மூணு செமிகோலன்?" என்று என்னையே கேட்கிறாள். "எங்கப்பா வெச்ச பேர்ல ஒண்ணு கூட இல்லம்மா" என்றேன். கடைசியில் செந்தமிழே சரிசெய்கிறேன் என்று ஒரு மணி நேரம் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தாள். எழுந்து வந்தபோது ஒரு புள்ளி கூட மாறவில்லை.

விளம்பரம் போட்ட பதினெட்டாம் நாள் ஒரு போன். "பக்தவச்சலம் ஐயாங்களா? திண்டிவனத்துலேருந்து வெற்றிச்செல்வன் பேசுறேங்க. பொண்ணு எம்.காம்., அமைதியான சுபாவம், வறுத்த மீன்னா உசுருன்னு போட்டிருக்கீங்களே, இன்னும் வரன் பாக்குறீங்களா?" மச்சான், உப்பு வாரும் பலகையைப் பாத்தியிலேயே போட்டுவிட்டேன். வறுத்த மீனை நான் சொன்னதாக நினைவில்லை, ஆனால் உண்மைதான். "தம்பி, இதெல்லாம் உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?" என்றேன். "படிச்சேங்க" என்றார். பத்து வருஷமாக அச்சகத்தில் கல்யாணப் பத்திரிகை அடிக்கிறாராம். அச்சகத்துப் பழைய தமிழ் ஃபான்ட்டில் அடித்ததை வேறு இடத்தில் ஒட்டினால், தட்டிய விசைகள் இப்படி இங்கிலீஷாகத் தெரியுமாம். அவருக்கு அது பேப்பர் படிப்பது போலத்தானாம்.

ஞாயிற்றுக்கிழமை அவர் தன் அம்மா தையல்நாயகியுடன் வந்தார். நான் விடுவேனா? விளம்பரத்தைப் பிரிண்ட் எடுத்து வைத்திருந்தேன், நீட்டினேன். கடகடவென்று வாசித்தவர் ஓரிடத்தில் நிறுத்தி, "'பெற்றோர்'ல ஒரு ற் விட்டுப்போச்சுங்க மாமா" என்றார். மாமா என்று வந்துவிட்டதே என்று அவருக்குக் காதெல்லாம் சிவந்துவிட்டது. எனக்குக் கண் கலங்கிவிட்டது மச்சான். பதினெட்டு நாளாக ஊரே சிரித்த என் வரிகளை ஒரு மனிதர் கடைசி எழுத்து வரை படித்திருக்கிறார்! எல்லாம் விதி, தெய்வச் செயல், கொஞ்சம் என் சாமர்த்தியம். நாலு இடத்தைத் தட்டிய நம் பெண், "உங்க இஷ்டம்ப்பா" என்று தலைகுனிந்தாள். என்ன அடக்கம்!

ஆவணி பத்தாம் தேதி நிச்சயதார்த்தம். தாய்மாமன் வராமல் தட்டு மாற்ற மாட்டேன். இவ்வளவு நாள் உங்களிடம் மறைத்ததற்கு மன்னிக்கவும். பெரியவர்களுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு வயிறும் மனசும் நிறைய ஆசீர்வாதம்.

தங்கள் அன்புள்ள,
பக்தவச்சலம்

பி.கு.: தபாலில் போடும் முன் வீட்டில் உரக்கப் படித்துக் காட்டினேன். செந்தமிழ் விழுந்து விழுந்து சிரித்தாள். திண்டிவனத்தில் டைப்பிங் கிளாஸ் போனபோது அவளும் மாப்பிள்ளையும் பக்கத்துப் பக்கத்துக் கம்ப்யூட்டராம். "புது ஃபான்ட்ல அடிச்சா ஊரே படிச்சிட்டு வந்து நிக்கும்ப்பா. அவருக்கு மட்டும் புரிஞ்சா போதும்னுதான் பழசுல அடிச்சேன்" என்கிறாள். ஆகவே விதி, தெய்வச் செயல், என் சாமர்த்தியம், அவள் அடக்கம் என்று வரும் இடங்களை அடித்துவிட்டுப் படிக்கவும். தேதி சரி, மாப்பிள்ளையும் சரி. உங்கள் தங்கை அஞ்சம்மாளுக்கு எல்லாம் முன்பே தெரியுமாம். "எங்க அண்ணனுக்குப் போன வருஷமே தெரியுமே" என்று இப்போதுதான் சொல்கிறாள். அப்படியானால் மச்சான், இவ்வளவு நேரம் நான் யாருக்கு எழுதிக்கொண்டிருந்தேன்?