குடைக்காரர் வீட்டுப் பூசாத சுவர்

பிள்ளைகளே, வாய்ச்சண்டையில் குடைக்காரரை ஜெயித்தவர் யாங்கோன் முழுக்க ஒருவரும் கிடையாது. குடையைப் பழுது பார்க்கக் கொண்டுவருகிறவர் மழை என்று சொன்னால், "இதெல்லாம் ஒரு மழையா?" என்று அதற்கும் வாதாடுவார். அவர் யூதர். எங்கள் தெருவிலேயே பிறந்து வளர்ந்தவர் என்பதால், தமிழில் திட்ட எங்களைவிட நன்றாகத் தெரியும்.

நான் வீடுகளுக்குச் சுண்ணாம்பு அடிக்கிறவன். அவர் வீட்டில் வாசலுக்கு எதிர்ச்சுவரில் ஒரு முழச் சதுரம் பூச்சே இல்லாமல் செங்கல் பல்லிளிக்கும். அந்தப் பக்கம் சுண்ணாம்பு மட்டையைக் கொண்டுபோனால் போதும், கத்துவார்.

"டேய் தம்பி, கையை ஒடிச்சிருவேன்! ஜெருசலேம்ல எங்க கோயில் இடிஞ்சு கிடக்கு. எனக்கு முழுச்சுவர் ஒரு கேடா?"

பதினேழு வயது மகள் மிரியம் தலையில் அடித்துக்கொள்வாள். "அண்ணே, அப்பா அந்தாண்ட போனதும் அடிச்சிருங்க. சுவருக்கு என்ன சீக்குன்னு கூட்டாளிங்க கேக்குதுங்க."

"சொறின்னு சொல்லு," என்பான் அவள் அண்ணன் யோசே.

எண்பத்தெட்டில் ராணுவ ஆட்சியை எதிர்த்து நடந்த ஊர்வலத்துக்குப் போன யோசே திரும்பவில்லை. உடலும் கிடைக்கவில்லை. யூதர் கல்லறைத் தோட்டத்தில் அவனுக்கென்று ஒரு கல் நட வழியில்லை. குடைக்காரர் வாய் அடைத்துப்போனது.

மறுவருஷம் தெரு முழுக்க, வீடுகளுக்கு உள்ளும் புறமும் வெள்ளையடிக்க சர்க்கார் உத்தரவு. வார்டு அதிகாரி என்னையும் வாளியையும் இழுத்துக்கொண்டு வீடு வீடாக நுழைந்தார். குடைக்காரர் வீட்டில் செங்கலைப் பார்த்து நின்றார்.

"என்ன இது?" பர்மியில் கேட்டார்.

"கோயில் இடிஞ்சதுக்கு அடையாளம்," என்றார் குடைக்காரர்.

"எப்ப இடிஞ்சது?"

"ரெண்டாயிரம் வருஷம் இருக்கும்."

"இன்னுமா கட்டி முடிக்கல?"

எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. பயத்தில் விழுங்கினேன். குடைக்காரர் அப்படியே உட்கார்ந்து, தரையைப் பார்த்தபடி, "அடிச்சிரு தம்பி," என்றார்.

மட்டையைத் தோய்த்தேன். மிரியம் ஓடி வந்து, செங்கலில் முதுகை ஒட்டி நின்றுகொண்டாள்.

"தள்ளும்மா. படிச்ச பொண்ணு நீ. எப்பவோ இடிஞ்சதுக்குப் போய்..." என்றார் அதிகாரி.

"எப்பவோ இல்ல," என்றாள். "போன வருஷம்."

அதிகாரி என்னைப் பார்த்தார். நான் வாளியைப் பார்த்தேன். "வெளிச்சுவரை ரெண்டு தடவை அடி," என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனார்.

மிரியம் திரும்பி, செங்கலில் கையை வைத்து அண்ணன் பெயரைச் சொன்னாள். குடைக்காரர் என் தோளைப் பிடித்து எழுந்தார்.

"நம்ம பொண்ணைப் பாத்தியா?"

அத்தனை வருஷமும் அவரை நான் முறை சொல்லிக் கூப்பிட்டதில்லை. "பாத்தேன் பெரியப்பா," என்றேன்.