பிரெஞ்சு ரோலும் என் மாமியாரும்

எந்தக் கொண்டையையும் கைப்பேசியைப் பார்த்துப் போடக் கற்றுக்கொண்டுவிடலாம். நாம் போகிற ஊரில் அதற்கு என்ன அர்த்தம் என்பதைத்தான் எந்தக் காணொளியும் சொல்வதில்லை. (எனக்குச் சொல்லவில்லை.)

எங்களுடையது காதல் கல்யாணம். நான் நார்த்தாமலைக்காரி, செல்வத்தின் வீடு ஜெகதாப்பட்டினத்தில். அவருடைய அம்மா மீன் வியாபாரம் செய்கிறவர். கல்யாணத்தன்று என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. கொஞ்ச நாள் கழித்து, ஞாயிற்றுக்கிழமை என்னைச் சாப்பிடக் கூட்டிவரும்படி மகனிடம் சொல்லியிருந்தார். அந்த ஒரு சாப்பாட்டில் அவருக்கு என்னைப் பிடித்தாக வேண்டும்.

அதற்காக நான் பிரெஞ்சு ரோல் போட்டுக்கொண்டேன். கூந்தல் முழுவதையும் பிடரியிலிருந்து மேலே வாரி, உள்பக்கமாகச் சுருட்டி, ஊசி குத்தி நிறுத்துகிற கொண்டை. அது பிரான்சில் பிறந்ததென்றும், அடக்கத்துக்கும் கம்பீரத்துக்கும் அடையாளமென்றும் காணொளியில் வந்த பெண் சொன்னாள். கடற்கரைக் காற்றைப் பற்றி அவள் மூச்சுவிடவில்லை.

மதியம் நான்தான் ரசம் வைத்துப் பரிமாறினேன். அத்தை என் ரசத்தை ஒரு வாய் வைத்துவிட்டு, உப்பு குறைச்சல் என்றார். அந்த நேரம் பார்த்துக் கொண்டை அவிழ்ந்தது. பதறிப்போய் ஊசிகளைப் பல்லில் கடித்துக்கொண்டு, நழுவிய முந்தானையை இடுப்பில் செருகி, கூந்தலை இரண்டு கையாலும் அள்ளி முறுக்கினேன்.

செல்வத்தின் கை சோற்றிலேயே நின்றது. நாத்தனார் எழுந்து போய்த் தெருக்கதவைச் சாத்தினாள். அத்தை நிதானமாகக் கை கழுவி, தன் முடியையும் அள்ளி முடிந்துகொண்டு, என் எதிரே வந்து நின்றார்.

"என்னத்தா, உப்பு இல்லன்னு சொன்னதுக்கா?"

வாய் நிறைய ஊசி. "ம்ம், ம்ம்" என்று தலையை ஆட்டினேன். (இல்லை என்றுதான் ஆட்டினேன். பார்த்தவர்களுக்கு அப்படித் தெரியவில்லையாம்.) ஒருவழியாக ஊசிகளைத் துப்பினேன்.

"இல்லங்கத்தை. கொண்டை அவுந்துருச்சு."

அவர் என்னையும் தரையில் கிடந்த ஊசிகளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இங்கிட்டு ஒரு பொம்பள முடிய அள்ளி முடிஞ்சா, ஒண்ணு மீன் கூடை தூக்கணும், இல்ல சண்டைக்கு நிக்கணும். ஒங்கிட்ட கூடையக் காணோம். அதான் எந்திரிச்சேன்."

சொல்லி முடிப்பதற்குள் அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. என்னைப் பிடித்து உட்காரவைத்து, ஈரக்கையாலேயே கொண்டை போட்டுவிட்டார். ஊர் திரும்பிய பிறகும் தலையில் மீன் வாசம் போகவில்லை. எனக்கும் தலைக்குக் குளிக்க மனம் வரவில்லை.

இன்றும் நான் கண்ணாடி முன் நின்று முடியை அள்ளினால், "கூடையா, சண்டையா?" என்று அடுத்த அறையிலிருந்து செல்வம் கேட்பார். நான் பதில் சொல்வதில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று, சாப்பிட்ட தட்டை அவரே கழுவி வைத்துவிடுகிறார்.