‘மணல் லாரி’யை முழுதாகக் கேட்டவர்

ஆல்பம் போடுகிறவன் ஒரே ஒரு ரசிகனை எதிர்பார்ப்பதில் தப்பில்லை என்றுதான் இன்றும் நினைக்கிறேன். எனக்கு அந்த ஒருவர் கிடைப்பதற்குள் தாவு தீர்ந்துவிட்டது.

இன்ஜினியரிங் முடித்துவிட்டு, வேலைக்குப் போகாமல் நான் கீபோர்டு வாசித்துக்கொண்டிருந்த காலம். மலைக்கோட்டைக்குக் கீழே அத்தர் கடை வைத்திருப்பவரின் மகன் சலீம் பேஸ் கிடார். மணப்பாறை பிரபு டிரம்ஸ். குழுவின் பெயர் ‘கொள்ளிடம் ஃபோர்’. (நாலாவது ஆள் எப்படியும் கிடைப்பான் என்ற நம்பிக்கை.) ஜாஸோடு ஆட்டம் போட வைக்கும் தாளத்தைக் கலந்தால் அதற்கு ஆசிட் ஜாஸ் என்று பெயர். அதைத் திருச்சிக்குக் கொண்டுவரும் பொறுப்பை, யாரும் கேட்காமலேயே எங்கள் தலையில் போட்டுக்கொண்டோம்.

பக்திப் பாடல்கள் பதிவு செய்யும் தில்லை நகர் ஸ்டுடியோ ஒன்றில் பத்து நாள் வாசித்தோம். அங்கிருந்த ரெக்கார்டிங் அண்ணன் ஒவ்வொரு டிராக் முடிந்ததும், “தம்பி, பாடுறவங்க எப்ப வருவாங்க?” என்று கேட்டார். பத்தாம் நாளும் கேட்டார்.

‘மணல் லாரி’ என்று பெயர் வைத்து இணையத்தில் ஏற்றினோம். நாற்பத்தோரு நிமிடம். அப்பா இரண்டு நிமிடம் கேட்டுவிட்டு டிவியைப் போட்டார்.

“இந்த ஊர்ல ஒரே ஒரு ஆளு இதை முழுசா உட்கார்ந்து கேட்டார்னு காட்டு. நான் வாயே திறக்க மாட்டேன். இல்லேன்னா பேங்க் பரீட்சைக்குப் படி. தீபாவளி வரைக்கும் டைம்.”

“ஒரு ஆளா? ஊரே கேட்கும்ப்பா!” என்றேன். (அந்த வாயைத் தைத்திருக்க வேண்டும்.)

சித்தப்பா வீட்டில் சரியாக ஒரு நிமிடத்தில் நெட் கட்டாகிவிட்டது. சலீமின் அத்தா, “மாஷா அல்லாஹ், நல்லாருக்கு தம்பி, தொழுகைக்கு நேரமாச்சு” என்று எழுந்துவிட்டார். தொழுகைக்கு இன்னும் ஒன்றரை மணி நேரம் இருந்ததாகச் சலீம் பிறகு சொன்னான். பிரபுவின் அக்கா கேட்கக் கேட்கத் தூங்கிவிட்டார்.

தீபாவளிக்கு ஒரு வாரம் இருக்கும்போது சலீம் போன் செய்தான். கண்ணில் பட்ட கடைக்காரர்களுக்கெல்லாம் லிங்க் அனுப்பியிருந்தவன் அவன். “மச்சான், ஸ்ரீரங்கத்துல ஒரு மெஸ்ல தினம் மத்தியானம் நம்ம ஆல்பம்தான் ஓடுதாம்டா!”

எனக்குக் கண் கலங்கிவிட்டது. முதலில் நான் மட்டும் போய்ப் பார்த்திருக்க வேண்டாமா? மறுநாளே அப்பாவை ஸ்கூட்டரில் உட்கார வைத்துக் காவிரிப் பாலத்தைத் தாண்டினேன்.

மெஸ்ஸில் கோயிலுக்கு வந்த கூட்டம் நிரம்பி வழிந்தது. சாம்பார், ரசம் வரை பாட்டே இல்லை. மோர் வந்ததும் கல்லாவில் இருந்த ஓனர் ஒரு பட்டனை அழுத்தினார். என் கீபோர்டு! அப்பாவைப் பெருமையாகப் பார்த்தேன். எதிர் வரிசைக்காரர் அவசரமாக இலையை மடித்தார். பக்கத்தில் இருந்தவர் மோர்ச்சாதத்தைப் பாதியில் விட்டு எழுந்தார். இரண்டாவது டிராக் தொடங்குவதற்குள் பந்தி காலி.

நான் யார் என்று சொன்னதும் ஓனர் என் கையைப் பிடித்துக்கொண்டார். “நீங்க நல்லாருக்கணும் தம்பி! சாப்பிட்டு முடிச்சும் உட்கார்ந்து ஊர்க்கதை பேசுவாங்க. எழுந்திரிங்கன்னு சொல்ல முடியுமா? இதைப் போட்டதுல இருந்து மூணு பந்தி அஞ்சு பந்தி ஆயிடுச்சு. ரெண்டாவது பாகம் இருக்கா?”

என்னைக் கௌரவிக்கிறாராம், ஆல்பத்தை நிறுத்தாமல் ஓடவிட்டார். அடுத்த பந்தி சாம்பாரோடு எழுந்து போயிற்று.

திரும்பிப் பார்த்தால் அப்பா மட்டும் உட்கார்ந்திருந்தார். ஒவ்வொரு கவளத்தையும் எண்ணி மெல்லுகிறவர் அவர். இன்னொரு தடவை ரசம் கேட்டார். அப்பளம் கேட்டார். மோர் கேட்டார். கடைசி டிராக் ஓய்ந்தபோதுதான் இலையை மடித்தார்.

“அப்பா, முழுசா உட்கார்ந்து கேட்டிருக்கீங்க.”

“நான் எங்கடா கேட்டேன்? சாப்பிட்டேன்.”

“உட்கார்ந்தீங்களா, இல்லையா?”

அப்பா கை கழுவப் போய்விட்டார். வீட்டு வாசலில் ஸ்கூட்டரிலிருந்து இறங்கும்போது, “அந்த மூணாவதுல டிரம்ஸ் கொஞ்சம் ஜாஸ்தி” என்றார். பேங்க் பேச்சு அதோடு நின்றது.

இன்றும் உறவுக்காரர்கள் கிளம்பாமல் கழுத்தை அறுத்தால், அம்மா அடுப்படியிலிருந்து, “ஏங்க, தம்பி ஆல்பத்தைக் கொஞ்சம் போடுங்க” என்பார். வந்தவர்கள் செருப்பைத் தேடுவார்கள். அவர்களை வழியனுப்பிவிட்டு வந்த பிறகும் அப்பா அதை நிறுத்துவதில்லை. கேட்டால், “ரிமோட்டைக் காணோம்டா” என்பார். அது அவர் கையில்தான் இருக்கும்.