கவர்னருக்கு வரி கட்டியவன்

மெல்போர்னுக்கு வெறுங்கையோடு வந்தவன் நான். எட்டாம் வகுப்பைத் தாண்டாதவன். இன்றைக்கு கேரம் டவுன்ஸில் சொந்த வீடு, சொந்தக் கொங்கிரீட் யார்ட். கோயிலுக்குப் போகிற ஆட்களில் பாதிப்பேரின் வீட்டு முற்றம் என் கையால் ஊற்றியது. யாருக்கும் தலை குனிந்ததில்லை, ஒருவரைத் தவிர. உலகத்திலேயே நாடு இல்லாமல் ஆட்சி நடத்திய ஒரே மனிதர் அவர்தான்.

நான் முதலில் வேலைக்குச் சேர்ந்த, கொங்கிரீட் குழாய் வார்க்கும் யார்டில் இருந்தார். குரோஷியாக்காரர். ஆயிரம் வருசத்துக்கு முன்னர் அவர்களுடைய ராஜாவுக்குக் கீழே ஒரு மாகாணத்தை ஆண்ட கவர்னரின் பரம்பரை என்பார். ஆகவே இவரும் கவர்னர். கவிழ்த்த வாளிதான் சிம்மாசனம்.

சாப்பாட்டு நேரத்தில் எல்லோரிடமும் வரி எடுப்பார். தமிழ்ப் பொடியன்களான எங்களிடம் வடை. அதை இரண்டாகப் பிட்டு, பெரிய பாதியை முதலுதவிப் பெட்டிக்குள் வைப்பார். ராஜாவின் பங்கு. தொட்டவன் துரோகி. எறும்புகள்தான் பயமில்லாமல் துரோகம் செய்தன.

அவருடைய இங்கிலிஷ் உடைசல், எங்களுடையது தூள். 'தம்பி' என்ற சொல்லை மட்டும் எங்களிடமிருந்து பிடித்து வைத்திருந்தார்.

என்னோடு வேலை செய்த சிவம் ஒருநாள் கேட்டான்: "ராஜா செத்து எவ்வளவு காலம், கவர்னர்?"

"எனக்கு இன்னும் செய்தி வரேல்லை, தம்பி."

பிறகு அந்த நாள் வந்தது. கிரேனில் தூக்குவதற்கு நான் கொளுவிய சங்கிலி அறுந்து, குழாய் சிவத்தின் காலில் விழுந்தது. முழங்காலுக்குக் கீழே மிஞ்சவில்லை. சங்கிலி துருப்பிடித்துவிட்டது என்று நான் முன்பே சுப்பர்வைசரிடம் சொல்லியிருந்தேன். அவனுக்கு அது வசதியாக மறந்துபோனது. நான் தற்காலிக விசாவில் இருந்தவன். வேலை போனால் நாடும் போகும்.

"ஆர் கொளுவினது?" என்றான் சுப்பர்வைசர்.

நான் வாய் திறக்கமுன் கவர்னர் வாளியிலிருந்து எழுந்தார்.

"நான்."

"நீ அந்தப் பக்கமே வரேல்லையே."

"இது என்ர மாகாணம். இங்க நடக்கிறதுக்கெல்லாம் ராஜாவுக்குப் பதில் சொல்லவேண்டியது நான்தான்."

அன்றைக்கே அவரை வேலையிலிருந்து கலைத்துவிட்டார்கள். வாளியையும் தூக்கிக்கொண்டு நடந்தார். கேற்றடியில் மறித்துக் கேட்டேன், ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று.

"நீ வரி கட்டினனி எல்லே, தம்பி."

அதற்குப் பிறகு அவரை யாரும் வேலைக்கு எடுக்கவில்லை. ஒரு சின்ன அறையில் தனியாக இருந்தார். வடை கொண்டுபோவேன். இருமிக்கொண்டே பிட்டு, பெரிய பாதியை எடுத்து வைப்பார். போன குளிர்காலத்தில் அந்தக் கையும் நின்றுபோனது.

கல் வைத்த அன்றைக்கு சிட்னியிலிருந்து அவருடைய தங்கச்சியின் மகள் வந்தாள். கல்லறையடியில் நின்று பாதிரியாருக்கு நன்றி சொன்னாள், அவர்களுடைய குரோஷியக் கிளப்புக்குச் சொன்னாள், பூக்கடைக்குக்கூடச் சொன்னாள். எனக்குச் சொல்லவில்லை. அந்தக் கல்லறைக்குக் கொங்கிரீட் ஊற்றியவன் நான். பெயருக்கு முன்னால் 'கவர்னர்' என்று வெட்டுவித்தவனும் நான்.

இதைப் படிக்கிற யாராவது அந்தப் பிள்ளைக்குச் சொல்லுங்கள். கல்லின் அடியில் என் பெயரும் வேண்டும். ஆள்வதற்கு ஒருத்தன்கூட இல்லாத கவர்னர் என்று வழியில் போகிறவர்கள் நினைத்துவிடக் கூடாது.