பான்சிட் சுமந்து எர்னானி பனி கடந்த படலம்

வாழிய எர்னானி! வெயில் தீவின் இலோயிலோ நன்னகர் ஈன்ற ஏந்தல் வாழிய! வெயிலை வெற்றுமுதுகில் வாங்கி வளர்ந்தோன், மாங்காயை உப்பில் தோய்த்துத் தின்றபடி கொட்டும் மழையில் பந்தாடியோன், திருமண நாளன்றிச் சட்டையின் மேற்பொத்தானைப் பூட்டியறியாத திறந்த மார்பினன், இன்று வின்னிபெக் மாநகரிலே, விட்ட மூச்சு மீசையிலேயே உறைந்து நிற்கும் மார்கழி வைகறையிலே, ஒற்றைத் தேரேறிக் கூதிர்வேந்தனை எதிர்த்துப் புறப்பட்ட பெருங்கதையைக் கேண்மின்! கேட்குமுன் ஜன்னலைச் சாத்திவிட்டு உட்காருங்கள்.

போருக்குக் காரணம் சொல்வோம். அந்நகரில் ஒவ்வொரு காரின் மூக்கிலும் மின்கயிறு ஒன்று தொங்கும். இரவில் அதனை நீளவயர் ஒன்றால் வீட்டுச்சுவரின் பிளக்கோடு பிணைத்து வைத்தால்தான் எஞ்சின் விடியும்வரை உறையாது வெதுவெதுப்பாய்க் கிடக்கும். சென்ற வாரம் நம் பெருந்தகை அதை மறந்தான். காலையில் கார் அசையவில்லை. இருபது ஆண்டுகளாய் அப்பனியில் புழங்கும் மைத்துனன் ரொகேலியோ வந்து உயிர்ப்பித்துத் தந்தான். தந்ததோடு நில்லாமல், தேவாலயத்தின் கீழ்த்தள விருந்தறையில், சோற்றுத்தட்டை ஏந்தியவாறே ஊர்கூட்டி அதை நடித்தும் காட்டினான். சிரிப்பொலி விண்ணைப் பிளந்தது. 'ஃப்ரிட்ஜ் மாப்பிள்ளை' என்றொரு பட்டப்பெயர் அங்கே கருக்கொண்டது. இன்னொரு முறை கார் நின்றால் அது பிறந்து, ஞானஸ்நானமும் பெற்று, அவன் கல்லறை வரைக்கும் கூடவரும் என்பது அங்கிருந்த அனைவருக்கும் தெரியும்.

எர்னானி எழுந்தான். கரண்டியை வாளென உயர்த்தினான். "கிறிஸ்துமஸுக்கு முந்தைய கடைசி விடியற்பூசையன்று, சபையோர் அனைவருக்குமான பான்சிட் நூடுல்ஸை யானே சமைத்து, யானே ஏற்றி, யானே ஓட்டி வருவேன்! வாராதொழியின் என்னை நீவிர் எப்பெயரிட்டும் அழைமின்!" என முழங்கினான். அவன் உண்மையில் சொன்னது, "பாத்துக்கிட்டே இருங்க, நானே கொண்டாறேன்," என்பதுதான். ஆயினும் பொருள் அதுவே.

அந்நாளும் வந்தது. பாடற்குழுவில் பாடும் அவன் தேவி லுஸ்விமிந்தாவை முன்னதாக அழைத்துப்போக ரொகேலியோ வாயிலில் வந்து நின்றான்.

"மாப்ளே, ராத்திரி வண்டிய மாட்டி வச்சியா?"

"வச்சேன் மச்சான்."

"நெசமா? இல்லைன்னா இப்பவே சொல்லு. நீ வராட்டி பரவால்ல, பான்சிட்டாவது வந்து சேரட்டும்."

லுஸ்விமிந்தா கணவனைத் தனியே இழுத்தாள். "இன்னிக்கும் நின்னுச்சுன்னா எங்கண்ணன் வாய என்னால அடைக்க முடியாது. சொல்லிட்டேன்," என்றாள். அவள் கண்ணில் கேலி இல்லை, கவலையே இருந்தது. அது எர்னானியை நிஜமாகவே சுட்டது.

அவர்கள் சென்றபின் கோமகன் கவசம் பூணலானான். நீள்காலுள்ளாடை பூண்டான், அதன்மேல் கால்சட்டை, அதன்மேல் பஞ்சுப்பொதிக் கால்சட்டை பூண்டான், கம்பளிக் காலுறை ஈரிணையும், பனியன் மூன்றும், கழுத்துச்சுற்றியும், செவிமூடியும், முழந்தாள் தொடும் மேலங்கியும் பூண்டு, கைகளை உடலோடு சேர்க்கவியலாப் பேருருவாய்க் கதவருகே நின்றபோதுதான், கார்ச்சாவி அடியிலுள்ள கால்சட்டையின் பையில் இருப்பது நினைவுக்கு வந்தது. அனைத்தையும் களைந்தான். மீண்டும் பூண்டான். பனியோடு பொருதுமுன்னே வியர்த்துக் கொட்டிவிட்டது.

வெளியே கால்வைத்தான். கூதிர்வேந்தன் முதற்கணையை மூக்கிலும் இரண்டாங்கணையைப் பல்லிலும் எய்தான். காரின் கதவு திறக்க மறுத்தது. தோளால் மோதினான், இடுப்பால் மோதினான், இறுதியில் இலோயிலோவின் வசைச்சொல் ஒன்றை உச்சரித்தான், திறந்தது. பான்சிட் நிறைந்த அலுமினியத் தட்டைப் பச்சிளங்குழவியென முன்னிருக்கையில் அமர்த்திப் பட்டையும் பூட்டினான். சிலுவை வரைந்துகொண்டான். சாவியைத் திருகினான்.

எஞ்சின் ஒருமுறை இருமியது. மறுகணம் கார் உறுமியது! கேளீர், முதல் திருகலிலேயே உறுமியது! வென்றோம், வென்றோமென்று ஸ்டியரிங்கை முத்தமிட்ட வீரன், உதடு அதில் ஒட்டிக்கொள்ள, மெல்லப் பிய்த்தெடுத்துக்கொண்டு புறப்பட்டான்.

என்னே அந்தப் பவனி! பேருந்து நிறுத்தத்தில் நின்ற மாதர் இருவர் அவனை நோக்கி இருகையும் ஆட்டினர். அவனும் அரசனைப்போல் ஒருகை ஆட்டினான். பனிவாரும் லாரியோட்டி நீண்ட சங்கொலி எழுப்பினான்; எர்னானி தலைவணங்கி ஏற்றான். நாய் ஒன்று எசமானனின் பிடியை உதறித் தெருமுனைவரை பின்தொடர்ந்து குரைத்தது. அதனையும் கட்டியங்கூறுவோர் கணக்கில் சேர்த்தான். இத்தனை நாள் முகங்கொடுத்துப் பேசாத நகரம் ஒரே காலையில் தன்னை ஏற்றுக்கொண்டதை எண்ணி அவனுக்குக் கண்ணே கலங்கிற்று.

தேவாலய வாசலில் கார் நின்றது. தட்டை ஏந்தி, நெஞ்சை நிமிர்த்தி இறங்கினான். படியில் நின்ற நோர்மா அக்கா, பாடற்குழுவின் தலைவி, அவனைப் பார்க்கவில்லை. அவனுக்குப் பின்னால் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தம்பி, வண்டிக்கு வாலு எப்போ முளைச்சுது?"

திரும்பினான். காரின் மூக்கிலிருந்து, அடிவயிற்றின் கீழாக, வாசலைத் தாண்டித் தெருவரைக்கும், ஆரஞ்சு நிற நீளவயர் பனியில் மலைப்பாம்பெனக் கிடந்தது. அதன் நுனியில், வீட்டுச்சுவரின் பிளக்குப் பெட்டி மூடியோடு பெயர்ந்து வந்திருந்தது.

கவசங்கள் அத்தனையும் இருந்தும் எர்னானி உறைந்தான். ரொகேலியோ படியிறங்கி வந்தான். ஃப்ரிட்ஜாவது தேவலையே, இனி என்ன பெயரோ என்று வீரன் கண்மூடி நின்றான். ரொகேலியோவோ குனிந்து வயரை முழங்கையில் மடித்துச் சுற்றத் தொடங்கினான்.

"என்ன ரொகேலியோ, இன்னிக்கு நடிச்சுக் காட்டலையா?" என்றாள் நோர்மா அக்கா. "உன் டிக்கியத் தொறந்து காட்டு அவனுக்கு."

"அக்கா, சும்மா இரேன்."

"தொறடா."

திறந்தான். உள்ளே ஆரஞ்சிலும் பச்சையிலும் மஞ்சளிலும் பிளக்குப் பிய்ந்த வயர்கள் ஒரு மூட்டை கிடந்தன. இருபது குளிர்காலத்துப் பெருவீரனின் புறமுதுகுத் தழும்புகள் அவை.

"போன மாசம்கூட ஒண்ணு," என்றான் ரொகேலியோ தணிந்த குரலில். "தங்கச்சிகிட்ட சொல்லிராத, மாப்ளே." எர்னானியின் வயரையும் அந்த மூட்டையின்மேல் வைத்து மூடினான். பிறகு தட்டின் ஒருபக்கத்தைத் தானே பிடித்துக்கொண்டு விருந்தறைக்குள் நுழைந்து, "மாப்ள தானே ஓட்டிட்டு வந்துட்டான்," என்று ஊர் கேட்க அறிவித்தான். கூட்டம் ஆர்ப்பரித்தது, லுஸ்விமிந்தாவின் முகம் மலர்ந்தது, 'ஃப்ரிட்ஜ் மாப்பிள்ளை' எனும் பெயர் பிறவாமலே மாய்ந்தது, வாகைசூடிய எர்னானி, மூன்று பனியனும் நனைய வியர்த்து, அவையின் நடுவே பொலிந்து நின்றான்.

பான்சிட் சில்லிட்டுப் போயிருந்ததால், பூசை முடிந்ததும் மைக்ரோவேவில் வைத்துச் சூடாக்கிச் சாப்பிட்டார்கள்.