பாப்பாமோட்டைப் பெருங்கொக்கு

இந்தக் கதையை எழுதுகிறவனுக்கே பல வருடங்களாக இதில் சந்தேகம் உண்டு. ஆனால் அரசாங்க முத்திரை குத்திய ஒன்றைச் சந்தேகிக்கத் தனியொருவனுக்கு அதிகாரம் இல்லை. அதோடு, இதைச் சொன்ன சீவரத்தினம் சொல்லும்போதெல்லாம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார். எழுதுகிறவனும் கூடச் சிரித்துவிடுவான்.

சண்டை முடிந்து சொந்த ஊரான பாப்பாமோட்டைக்குத் திரும்பிய சீவரத்தினம் மூன்று மாரியைத் தறப்பாள் கூடாரத்துக்குக் கீழே கழித்தார். நான்காவது மாரிக்கு முன் வீட்டுத்திட்டப் பட்டியலில் அவருடைய பெயர் வந்தது. கார்த்திகைக்குள் அத்திவாரம் எழும்பாவிட்டால் பெயர் வெட்டப்படும். மனைவி அன்னப்பிள்ளை, அடுப்படி எந்தப் பக்கம் என்று தடியால் கோடு கீறிக் காட்டினார். அந்தக் கோட்டில் மண்வெட்டி போட்ட இரண்டாம் நாள் நீளமான எலும்பு ஒன்று வந்தது.

பேசாமல் மூடியிருக்கலாம். ஆனால் வீட்டுத்திட்டத்துக்காக அத்திவாரத்தைப் படம் எடுக்க வந்த கிராம அதிகாரி விதானையார் எலும்பையும் சேர்த்துப் படம் எடுத்துவிட்டார்.

அந்த வருடம் மன்னாரில் பறவைக்குத்தான் மவுசு. கீரிக் கிராமத்தில் மதிலுக்கு மதில் பூநாரை கீறியிருந்தார்கள். அரசாங்கக் கந்தோர்க் கலண்டரில் பூநாரை, கூட்டங்களில் பொன்னாடைக்குப் பதிலாகப் பூநாரைப் படம். பறவை இல்லாத கந்தோர் வளர்ச்சியில் அக்கறை இல்லாத கந்தோராகக் கருதப்பட்டது. புதிதாகத் திறந்த பறவைப் புகழ் மேம்பாட்டுப் பிரிவுக்கு மட்டும் இன்னும் ஒரு பறவையும் கிடைக்கவில்லை. அதன் பொறுப்பதிகாரி பேசாலை எமிலியானுஸ், முன்பு கருவாட்டுப் பிரிவில் இருந்தவர், படிவத்தோடு வந்து இறங்கினார். எலும்பின் நீளத்தைப் பார்த்ததுமே பெருங்கொக்கு என்று முடிவுகட்டிவிட்டார்.

"உயிரோட இருக்கிற பெருங்கொக்கு உலகத்தில பதினைஞ்சு இனம். இலங்கையில ஒண்டும் இல்லை. ஆகவே இது உயிரோட இருக்கிற இனம் இல்லை."

"ஓம் ஐயா, எலும்புதானே."

"குறுக்க கதையாதையும். உயிரோட இல்லையெண்டால் அழிஞ்சுபோன இனம்."

"எங்கட வயலில நெடுக கொக்கு நிக்குதே?"

"அது சும்மா வெள்ளைக் கொக்கு. அதுக்குப் படிவத்தில இடமில்லை. பெருங்கொக்கு நிமிர்ந்து நிண்டால் ஒரு ஆள் உயரம்."

சீவரத்தினம் எலும்பைத் தன் தொடையோடு சேர்த்து வைத்துப் பார்த்தார்.

"ஆள் உயரம்தான் ஐயா."

எமிலியானுஸ் திருப்தியோடு 'காலம்' என்ற கட்டத்தில் பத்து இலட்சம் வருடம் என்று எழுதினார். பக்கத்தில் 'ஏறத்தாழ' என்றும் சேர்த்தார்.

"இதோட ஒரு சட்டைப் பொத்தானும் கிடந்தது ஐயா," என்றார் அன்னப்பிள்ளை.

"கொக்கு விழுங்கியிருக்கும்."

"பத்து லட்சம் வருசத்துக்கு முன்னம் ஆர் ஐயா சட்டை தைச்சது?"

"அதுக்குத்தானே அம்மா 'ஏறத்தாழ' எண்டு போட்டனான்."

பிறகு அவர் பேனையை மூடிவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"இஞ்ச பாரும். பறவையெண்டால் என்ர கந்தோர். ரெண்டு கிழமையில முடியும். பறவை இல்லையெண்டால் பொலிஸ் வரும், நீதவான் வருவார், கொழும்பிலயிருந்து டொக்டர்மார் வருவினம். சுத்திவர மஞ்சள் நாடா கட்டுவாங்கள். உம்மட பேரன் கலியாணம் கட்டினாலும் அந்த நாடா அவிழாது. உமக்கு எது வசதி?"

வானம் கறுத்துக்கொண்டு வந்தது.

"கொக்கே இருக்கட்டும் ஐயா."

பறவையென்று நேரில் கண்டதாக ஐந்து பேர் கையொப்பம் வைக்க வேண்டும். படிவம் தேத்தண்ணிக் கடைக்குப் போனது. ஐந்து பேரும் எலும்பைக் காணவில்லை. சீவரத்தினத்துக்கு ஒரு கூரை வரட்டுமே என்று வைத்தார்கள். மூன்றாவது கையொப்பம் இதை எழுதுகிறவனுடையது.

'மேற்படி பறவைக்கு உரித்துக் கோருவோர் பதினான்கு நாட்களுக்குள் விண்ணப்பிக்கவும்' என்று பனையில் அறிவித்தல் ஒட்டப்பட்டது. பத்தாம் நாள் இந்திராதேவி என்றொருத்தி பக்கத்து ஊரிலிருந்து நடந்து வந்தாள். அந்த நேரம் பார்த்துச் சீவரத்தினத்துக்குத் தூரத்தில் கல் அடுக்குகிற வேலை வந்துவிட்டது. விண்ணப்பம் எடுக்க வந்திருந்த எமிலியானுஸிடம்தான் அவள் கேட்டாள்.

"எலும்பை ஒருக்கால் பாக்கலாமோ ஐயா?"

"விண்ணப்பதாரிக்கும் பறவைக்கும் என்ன உறவு எண்டு ஒரு கட்டம் இருக்கு. என்ன எழுத?"

அவள் படிவத்தில் அந்தக் கட்டத்தின் மேல் விரலை வைத்தாள்.

"தாய் எண்டு எழுதுங்கோ."

எமிலியானுஸ் சட்டப்படிதான் நடந்தார். விண்ணப்பதாரியின் வயது பத்து இலட்சத்துக்குக் குறைவாகக் காணப்படுவதால் கோரிக்கை நிராகரிக்கப்பட்டது.

பதினைந்தாம் நாள் அனுமதி வந்தது. 'அழிந்துபோன மேற்படி பறவையிடமிருந்து ஆட்சேபணை எதுவும் கிடைக்கப்பெறாமையால் அத்திவாரம் இடுவதற்குத் தடையில்லை.' எலும்பு கந்தோரின் கண்ணாடி அலுமாரிக்குப் போனது. சந்தியில் ஒற்றைக்காலில் நிற்கும் சீமெந்துக் கொக்கு எழும்பியது. திறப்புவிழாவில் பிள்ளைகள் அட்டையில் செய்த அலகு கட்டி ஆடினார்கள். மிச்ச அத்திவாரத்தை மட்டும் சீவரத்தினம் ஆழமாக வெட்டவில்லை. மழை வரப்போகிறது, ஒரு சாண் ஆழம் போதும் என்றார். ஒருவரும் ஏன் என்று கேட்கவில்லை.

போன மாதம் அந்த வீட்டு விறாந்தையில், ஓடு போட்ட கூரைக்குக் கீழே கதிரையில் இருந்துகொண்டு சீவரத்தினம் முழுக்கதையையும் இன்னொருமுறை சொன்னார். பொத்தானை விழுங்கிய இடத்தில் வழக்கம்போலச் சிரித்தார். இந்த முறை இதை எழுதுகிறவனுக்குச் சிரிப்பு வரவில்லை. இத்தனை வருடமாகக் கேட்காததை அவரிடம் கேட்டான்:

"அண்ணை, இந்த வீட்டுக்குக் கீழ இன்னும் எத்தினை கொக்குக் கிடக்குது?"